காயினுக்கு இட்ட அடையாளம்

செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டிகள் அடைக்கப்பட்டு, கொலுசுப் பட்டறைகளின் ஓசையும் ஓய்ந்த பிறகே பங்கு இல்லத்தில் நமக்குப் புத்தகம் விரிக்க நேரம் வாய்க்கும். சென்ற தவக்காலத்தின் ஓரிரவில் நாம் விரித்த புத்தகம், உண்மையைச் சொல்வதானால், தவக்கால வாசிப்புக்கு உரியதே அன்று. பங்கைச் சேர்ந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர், "படித்துப் பாருங்கள் ஃபாதர், வெறும் துப்பறியும் கதை இல்லை" என்று கொடுத்துச் சென்ற சுவீடன் நாட்டு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. மாய் ஷோவால், பேர் வாலோ ஆகிய இருவர் இணைந்து 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களுள் ஒன்று, 1967இல் வெளிவந்தது, 'பால்கனியில் நின்ற மனிதன்' எனப் பொருள்படும் தலைப்பு.

ஸ்டாக்ஹோம் நகரப் பூங்காக்களில் சிறுமியர் ஒருவர்பின் ஒருவராய்க் கொல்லப்படுகின்றனர். மார்ட்டின் பெக் என்னும் காவல் அதிகாரியும் அவருடைய தோழர்களும் கொலைஞனைத் தேடுகின்றனர். அவர்களுக்குக் கிடைத்த சாட்சிகள் இருவரே. ஒருவன் வழிப்பறித் திருடன். மற்றது மூன்று வயதுக் குழந்தை. பெக் வீரதீரர் அல்லர். வயிற்றுக் கோளாறும், தூக்கமின்மையும், இல்லறக் கசப்பும் நிறைந்த சாதாரண மனிதர். கோப்புகளைப் புரட்டுவதும், தொலைபேசிக்குக் காத்திருப்பதும், வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்பதுமே அவர் செய்யும் துப்பு.

நள்ளிரவு தாண்டியும் நாம் புத்தகத்தை மூடவில்லை. அப்போதுதான் நம் உள்ளத்தில் ஒன்றைக் கண்டு திடுக்கிட்டோம். கதை சற்றே தேங்கி நின்ற ஓர் இடத்தில், அடுத்த கொலை எப்போது நிகழும் என்று நம் மனம் பொறுமையிழந்து காத்திருந்தது! காலையில் திருப்பலி நிறைவேற்ற வேண்டிய கைகள், இன்னொரு குழந்தையின் சாவுக்காகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தன. கதைதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் கதையில் வெளிப்படும் பசி கதையோடு நின்றுவிடுவதில்லை என்பதை நாம் நம் வாழ்விலேயே கண்டிருக்கிறோம். அதைப் பற்றியே இங்கே வாசகரோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

கண்ணை மூடியவரும் கண்ணைத் திறந்தார்

இந்தப் பசியை நன்கு அறிந்தவர் புனித அகுஸ்தீனார். தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில் தம் நண்பர் அலீப்பியுசைப் பற்றி அவர் சொல்லும் நிகழ்ச்சி குருமடத்தில் பயின்ற எவருக்கும் மறக்காது. சட்டம் பயில உரோமை நகருக்குச் சென்றிருந்த அலீப்பியுசை நண்பர்கள் வலுக்கட்டாயமாக வாட்போர் அரங்குக்கு இழுத்துச் செல்கின்றனர். உடலைத்தான் உங்களால் இழுத்துவர முடியும், உள்ளத்தை அன்று என்ற உறுதியோடு அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்கிறார். எவனோ ஒருவன் வீழ, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. காதை மூட மறந்தவர் கண்ணைத் திறந்துவிடுகிறார். திறந்த கண் பின்னர் மூடவே இல்லை. குருதியைக் கண்டவர் அதன் வெறியையும் பருகினார் என்கிறார் அகுஸ்தீனார். வந்தவராய் இல்லாமல், வந்த கூட்டத்தில் ஒருவராய் அவர் மாறிவிட்டார். அந்த அலீப்பியுசே பின்னாளில் ஆயராகவும் புனிதராகவும் ஆனார் என்பது நமக்குச் சற்று ஆறுதல்.

நமக்கும் அப்படி ஓர் அரங்கு இருந்தது. அது உரோமையில் இல்லை. இதே சேலத்தில் இருந்தது.

1995ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், வியாழக்கிழமை. பாஸ்கா காலத்தின் இரண்டாம் வாரம். அன்று சேலம் மத்தியச் சிறையில், மக்கள் 'ஆட்டோ சங்கர்' என்று அழைத்த கௌரி சங்கர் தூக்கிலிடப்பட்டார். 1980களின் இறுதியில் சென்னைத் திருவான்மியூர்ப் பகுதியில் ஆறு பேரைக் கொன்று, உடல்களைப் புதைத்தும் எரித்தும் மறைத்த குற்றத்துக்காக விதிக்கப்பட்ட தண்டனை அது. அதன்பின் இன்றுவரை தமிழகச் சிறை எதிலும் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

நாம் அப்போது குருமாணவர். செய்தித்தாள்களை மாறி மாறிப் பிடுங்கிப் படித்தோம். தேநீர்க் கடைகளில் கயிற்றைப் பற்றியும், கடைசி இரவைப் பற்றியும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்; நாமும் நின்று கேட்டோம். அன்று மாலைச் செபத்தில், மன்றாட்டுகளின் நடுவே சகமாணவர் ஒருவர் எழுந்து, இன்று உயிரிழந்த கௌரி சங்கரின் ஆன்மா இறைவனில் இளைப்பாற வேண்டுமென்று மன்றாடினார். சிற்றாலயத்தில் ஒரு கணம் அமைதி. பிறகு சிலர் மட்டும், அதுவும் அரைக்குரலில், பதிலுரைத்தனர். நாம் பதிலுரைக்கவில்லை. வாய் வரவில்லை என்பதன்று காரணம், வேண்டுமென்றே மூடிக்கொண்டோம். அந்த மிருகத்துக்கு மன்றாட்டா என்று உள்ளம் சொல்லிற்று.

முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த மௌனம் நம்மை விட்டபாடில்லை. அது நீதியின் மௌனமா, பாவத்தின் மௌனமா?

மிருகம் என்னும் சொல்

கொடிய கொலைஞனை மிருகம் என்பது உலக வழக்கு. கோபத்தில் பிறக்கும் சொல், கோபம் நியாயமானதும்கூட. ஆயினும் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். புலி மனிதனை அடித்தால் புலியின்மேல் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. ஏனெனில் புலி பாவம் செய்வதில்லை. அதற்கு மனச்சான்று இல்லை. கொலைஞனைக் கூண்டிலேற்றி, சாட்சிகளை விசாரித்து, நீ ஏன் இதைச் செய்தாய் என்று நீதிமன்றம் கேட்பதற்கு ஒரே அடிப்படை, அவன் மனிதன் என்பதுதான். அவனை மிருகம் என்று நாம் தள்ளிவிடும்போது அவனைப் பெரிதாய்த் தண்டித்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அவனுடைய பொறுப்பையே துடைத்துவிடுகிறோம். மனிதன் என்று சொல்லும்போதுதான் அவனுடைய குற்றம் முழு எடையோடு அவன் தோளில் ஏறுகிறது.

இதில் நம் இறையியல் மரபும் ஒரே குரலில் பேசிவந்ததாகச் சொல்ல இயலாது. மறைப்பது நேர்மையாகாது. புனித தோமா அக்குவினார் தம் 'இறையியல் தொகுப்பி'ல், பாவம் செய்பவன் அறிவின் ஒழுங்கிலிருந்து வழுவித் தன் மனித மாண்பினின்றும் விழுகிறான், விலங்குகளின் நிலைக்குத் தாழ்கிறான் என்று வாதிட்டு, பொதுநலத்துக்காக அவனைக் கொல்வது தகும் என்று முடிவு செய்தார். குருமடத்தில் இதைப் படித்தபோது நம் மௌனத்துக்கு ஒரு பெரிய துணை கிடைத்ததாகவே எண்ணினோம்.

ஆனால் அக்குவினாருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அகுஸ்தீனார் வேறு விதமாய் எழுதியிருந்தார். அவருடைய நாட்டில் வன்முறைக் கும்பல் ஒன்று, கத்தோலிக்கக் குரு ஒருவரைக் கொன்று, மற்றொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலையும் துண்டித்தது. அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். கொலையுண்டவர் தம் மறைமாவட்டத்துக் குரு. இருந்தும் அகுஸ்தீனார், வழக்கைக் கேட்ட மார்செல்லீனுக்கு மடல் எழுதி, அவர்களைக் கொல்லவோ அங்கஈனம் செய்யவோ வேண்டாம், தீமை செய்ய இயலாதபடி கட்டுப்படுத்திப் பயனுள்ள உழைப்பில் அமர்த்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். தம் சொந்தக் குருவின் இரத்தம் காயுமுன் எழுதப்பட்ட மடல் அது என்பதை நினைக்க வேண்டும்.

இவ்விரு குரல்களுக்கும் இடையே திருச்சபை நெடுநாள் நடந்து வந்தது. 1995 மார்ச் 25ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். காயினின் கதையை விளக்குமிடத்தில், கொலைஞனும் தன் ஆள்மாண்பை இழப்பதில்லை என்று தெளிவாக எழுதினார். மரண தண்டனை தவிர்க்க இயலாததாகும் சூழல்கள் இக்காலத்தில் மிக அரிது, அனேகமாக இல்லை என்றும் கூறினார். அந்த மடல் வெளியாகிச் சரியாக 33ஆம் நாள் சேலத்துச் சிறையில் கயிறு இறங்கியது. மடல் குருமடத்துக்கு வந்திருந்ததோ என்னவோ, நம் உள்ளத்துக்கு வந்திருக்கவில்லை. பின்னர் 2018 ஆகஸ்டில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண் திருத்தப்பட்டது. மிகக் கொடிய குற்றம் புரிந்தபின்னும் மனித மாண்பு அழிவதில்லை. ஆகவே மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்பதே இன்று திருச்சபையின் போதனை. அக்குவினாரின் மாபெரும் அறிவை வணங்கியபடியே, இந்த ஓர் இடத்தில் திருச்சபை அவரைத் தாண்டி நடந்திருக்கிறது.

வேட்டை யாரை வீழ்த்துகிறது?

போதனை ஏட்டில் எளிது. நிலத்தில் எப்படி என்று பார்ப்போம். நம் சேலம் மாவட்டத்து எடப்பாடிப் பகுதியில் பிறந்தவர் ஜெய்சங்கர். நெடுஞ்சாலை ஓரங்களில் பெண்களைக் கெடுத்துக் கொன்றதாகப் பல வழக்குகள் அவர்மேல் இருந்தன. 2009இல் கைதானார். 2011 மார்ச்சில் தருமபுரி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் கோவைச் சிறைக்குத் திரும்பும் வழியில், நம் சேலம் பேருந்து நிலையத்தில் காவலினின்றும் தப்பினார். அந்நாட்களில் இப்பகுதிப் பெண்கள் அந்தி சாய்ந்தபின் வாசற்படி தாண்ட அஞ்சியதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள்.

தேடல் இரு மாநிலங்களில் நடந்தது. இறுதியில் அவரை வீழ்த்தியது பெரும் படையன்று. 2011 மே மாதத் தொடக்கத்தில் வட கர்நாடகத்துச் சிற்றூர் ஒன்றின் வயலில், தனியே நின்ற பெண்ணொருத்தியின் கூக்குரலும், அது கேட்டு ஓடிவந்த உழவர்களின் கைகளுமே அவரைப் பிடித்தன. நாம் படித்த நாவலிலும் இவ்வாறே. பெரிய அதிகாரிகளின் திட்டங்கள் எல்லாம் தோற்க, ரோந்து சென்ற சாதாரணக் காவலர் இருவர் கண்ணில் கொலைஞன் தற்செயலாய்ப் படுகிறான். கைதான ஜெய்சங்கர் 2013இல் பெங்களூருச் சிறையிலிருந்தும் தப்பி, சில நாளில் பிடிபட்டு, 2018 பிப்ரவரியில் அச்சிறையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைவிட்டு நீங்காதவர் ஜெய்சங்கர் அல்லர். அவர் தப்பியபோது உடன் சென்ற காவலர்களுள் ஒருவர், நேர்ந்த அவமானம் தாங்காமல் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். ஒருவனைத் தேடி ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் காவலரின் அருகில் அமர்ந்து, "தவறிவிட்டது, ஆனால் நீங்கள் எங்களுக்கு வேண்டும்" என்று சொல்ல ஒருவர் இருந்தாரா? வேட்டையின் வெறியில் நம் கண்கள் ஓடுபவன்மேல் மட்டுமே நிற்கின்றன. அருகில் சரிபவர் தெரிவதில்லை.

வேட்டையின் வெறி இன்னும் கொடியதையும் செய்யும். நாவலில், காவல்துறையை நம்பாமல் குடிமக்களே கூட்டமாய்க் கிளம்புகின்றனர். குற்றமற்றவர்மேல் கை வைக்கின்றனர். நம் நாட்டில் இது கதையன்று. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போக வழி தேடிய குடும்பத்தினர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கைப்பேசிகளில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைச் சூழ்ந்து அடித்தது. அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் அங்கேயே உயிரிழந்தார். அடித்தவர்கள் யாவரும், தாங்கள் குழந்தைகளைக் காப்பதாகவே நம்பினர். மிருகத்தைத் தேடிப் புறப்பட்ட கூட்டம் எதுவாய் மாறிற்று?

சுவீடனே இதற்கு மற்றொரு சான்று தருகிறது. மனநலச் சிறை மருத்துவமனையில் அடைபட்டிருந்த ஸ்டூரெ பேரிவால் என்பவர், 1990களில் தாமஸ் குவிக் என்னும் பெயரில், முப்பதுக்கும் மேற்பட்ட கொலைகளைத் தாமே செய்ததாக ஒப்புக்கொண்டார். மருத்துவர்களும், விசாரணை அதிகாரிகளும், செய்தியாளர்களும் ஆவலோடு கேட்டனர். எட்டுக் கொலைகளில் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. பின்னர் 2008இல் அவர் எல்லாவற்றையும் மறுத்தார். கடும் மருந்துகளின் மயக்கத்தில், தம்மைச் சூழ்ந்தவர்கள் கேட்க விரும்பியதைச் சொன்னதாகக் கூறினார். வாக்குமூலங்களைத் தவிர வலுவான சான்று இல்லையெனக் கண்டு, 2013க்குள் எட்டு வழக்குகளிலும் அவர் விடுவிக்கப்பட்டார். அந்த நாட்டில் மரண தண்டனை கடைசியாக நிறைவேறியது 1910இல்; அமைதிக்காலத்துக்கு அது ஒழிக்கப்பட்டது 1921இல். இல்லாதிருந்தால் திருத்த இயலாத பிழையாக அது முடிந்திருக்கும். மிருகத்தைக் காண ஒரு சமுதாயம் அவாவுமானால், இல்லாத மிருகத்தையும் அது படைத்துவிடும்.

நாம் கேளாத தொலைபேசி

நாவலின் மையத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி இருக்கிறது. கொலைகளுக்கு முன்னரே ஒரு பெண்மணி காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, எதிர் வீட்டுப் பால்கனியில் ஒருவன் ஓயாது நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று முறையிடுகிறாள். பால்கனியில் நிற்பது குற்றமா என்று அதிகாரி சலித்துக்கொண்டு பேச்சை முடித்துவிடுகிறார். கதை முழுவதும் பெக் தேடுவது அரைகுறையாய்க் காதில் விழுந்த அந்த உரையாடலைத்தான். விடை முதலிலேயே வந்துவிட்டது; கேட்பாரில்லை.

ஆட்டோ சங்கர் வழக்கிலும் அந்தத் தொலைபேசி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. கள்ளச் சாராயமும் விபசாரமும் அந்தப் பகுதியில் ஒளிவுமறைவாகவா நடந்தன? சாராயத்தைக் குடித்தவர்கள் யார்? அந்த விடுதிகளுக்குப் போனவர்கள் யார்? சிறையில் அவர் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முற்பட்டபோது, அதில் உயர் அதிகாரிகள் பலருடைய தொடர்பு பேசப்படுவதாகச் சொல்லப்பட்டது. வெளியிடலாகாது என்று அதிகாரிகள் தடுத்தனர். 1994 அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வெளியாகுமுன்னே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லையென்று தீர்ப்பளித்தது. எழுதப்பட்டவை யாவும் உண்மையென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் எந்தக் கொலைஞனும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அவனுக்குச் சோறிட்டவர்கள், வாடிக்கை கொடுத்தவர்கள், கண்டும் காணாதிருந்தவர்கள் உண்டு. 'மிருகம்' என்னும் சொல் இவர்களையெல்லாம் ஒரே அடியில் விடுவித்துவிடுகிறது. மிருகத்துக்கு ஊர் ஏது, உறவு ஏது? அவன் ஒருவன் தொங்கிவிட்டால் நம் கணக்குத் தீர்ந்தது! நேர்மையாய் உழைக்கும் ஆயிரக்கணக்கான ஆட்டோ ஓட்டுநர்களின் தொழிற்பெயர் மட்டும் அவர் பெயரோடு நிரந்தரமாய் ஒட்டிக்கொண்டது. சாராயம் வாங்கியவர்களின் பெயர் எதனோடும் ஒட்டவில்லை.

அந்தத் தாயின் கேள்வி

இவ்வளவையும் சிந்தித்துத் தெளிந்தவராய் நம்மைக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது, சிறைப்பட்டோர்க்கான ஞாயிறு மறையுரையில் கொலைக் கைதிகளுக்காகவும் மன்றாட வேண்டும் என்று உருக்கமாகப் பேசினோம். திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் சக்கிறீஸ்து வாசலில் வந்து நின்றார். அவருடைய மகள் கொலையுண்டவள் என்பது நமக்குத் தெரியும்.

"கொன்னவனுக்காக வேண்டிக்கச் சொல்றீங்க சாமி. செய்ங்க. எம் பொண்ணு பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

நமக்குத் தெரியவில்லை. கொன்றவனின் பெயர் தெரிந்திருந்தது, செய்தித்தாளில் படித்திருந்தோம். ஈராண்டுகள் அந்தத் தாய்க்கு நற்கருணை வழங்கிய நமக்கு, அவர் மகளின் பெயர் தெரிந்திருக்கவில்லை.

முன்னொரு நாள் மன்றாட மறுத்த மௌனம் ஒரு பாவமென்றால், இன்று மன்றாடச் சொன்ன பேச்சும் மற்றொரு விதத்தில் பாவமாயிருந்தது. மற்றவர் சிந்திய கண்ணீரின்மேல் நின்றுகொண்டு நாம் தாராளமாய் மன்னித்துக்கொண்டிருந்தோம். ஆட்டோ சங்கர் என்றால் தமிழகமே அறியும். மாண்ட ஆறு பேரின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேரால் முடியும்? கொலைஞனை வெறுப்பவரும் சரி, அவனுக்காகப் பரிந்து பேசுபவரும் சரி, அவனையே நடுவில் நிறுத்துகிறோம். முற்கூறிய 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பொது ஆவணங்களில் உள்ளதை எவரும் வெளியிடலாம் என்று கூறிய நீதிபதிகள், ஒரு விலக்கையும் சேர்த்தனர். பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவளை மேலும் இழிவுக்கு உள்ளாக்கலாகாது என்பது அது. துன்புற்றவளின் பெயரைக் காப்பதும் அன்பு. அவளுக்குரியவர்கள் சொல்லும்போது அப்பெயரைக் கேட்டு நெஞ்சில் வைப்பதும் அன்பு. செய்தியாய் விற்பதும் மறந்துவிடுவதும் அன்பாகா.

ஒரு தடையை எதிர்கொள்வோம்

இங்கே வாசகர் ஒருவர் இடைமறிக்கலாம்; மறிக்கவும் வேண்டும். "நீங்களே சொன்ன இருவரும் காவலிலிருந்து தப்பியவர்கள். கௌரி சங்கர் 1990இல் சென்னைச் சிறையினின்றும் தப்பி ஒரிசாவில் பிடிபட்டார். ஜெய்சங்கர் தப்பிய பின்னரும் கர்நாடகத்தில் கொலைகள் நடந்ததாக வழக்குகள் பதிவாயின. சிறை பாதுகாப்பானது என்பதால்தானே தூக்கு வேண்டாம் என்கிறீர்கள்? அந்தச் சிறையின் இலட்சணம் இதுவென்றால், அவனை உயிரோடு வைத்ததற்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள் அல்லரா?"

இது வலுவான தடை. இதை ஒரு பக்தி வாக்கியத்தால் ஒதுக்கிவிடலாகாது. அந்தப் பெண்களின் உயிர் போனது உண்மை. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: அவர்களைக் கொன்றதில் கொலைஞனின் கையோடு நம் அலட்சியத்தின் கையும் இருந்தது. கொடிய கைதியைச் சிற்சில காவலர்களிடம் ஒப்படைத்து நெரிசல் மிக்க வழிகளில் அனுப்பியது யார்? சுவரும் பூட்டும் சரியாயிருக்கின்றனவா என்று பார்க்கத் தவறியது யார்? நம் அலட்சியத்துக்கு ஈடாக ஒரு மனிதனைக் கொல்வது, நாம் செய்ய வேண்டிய காவலைக் கயிற்றிடம் ஒப்படைப்பதாகும். மரண தண்டனை வேண்டாம் என்பவர், சிறைக் காவல் உறுதியாய் இருக்க வேண்டும், காவலர் எண்ணிக்கை போதியதாய் இருக்க வேண்டும் என்றும் அதே குரலில் கேட்கக் கடமைப்பட்டவர். முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை விடுபவரின் இரக்கம் பிறர் பிள்ளைகளைப் பணயம் வைக்கும் இரக்கம்.

இறைவன் கேட்ட வரிசை

தொடக்கநூலில் முதல் கொலைக்கு இறைவனே துப்பறிந்தார். அவர் நடந்துகொண்ட வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் அவர் கேட்டது கொலைஞனைப் பற்றியன்று, கொலையுண்டவனைப் பற்றி. உன் தம்பி எங்கே என்பதே கேள்வி. ஆபேலின் பெயர் முதலில் வந்தது. அவனுடைய இரத்தத்தின் குரல் மண்ணிலிருந்து எழுந்து இறைவனின் செவியை எட்டியிருந்தது. இரண்டாவதாகத் தீர்ப்பு வந்தது. காயின் செய்தது சிறிதென்று இறைவன் மழுப்பவில்லை. மண்ணினின்றும் அவனைத் துரத்தினார். மூன்றாவதாகத்தான், காண்பவன் எவனும் தன்னைக் கொன்றுவிடுவான் என்று காயின் அஞ்சியபோது, எவனும் கொல்லாதபடி அவன்மேல் ஓர் அடையாளமிட்டார்.

அந்த அடையாளத்தைப் பலர் அவமானச் சின்னமென்று எண்ணுகின்றனர். அது காப்பின் சின்னம். இவன் குற்றவாளி, ஆயினும் இவன் இன்னும் என்னுடையவன் என்று படைத்தவர் இட்ட முத்திரை.

நாம் தவறிய இடம் இந்த வரிசையே. குருமாணவராய் இருந்தபோது மூன்றாவதை மறுத்தோம். குருவானபின் மூன்றாவதில் தொடங்கினோம். இறைவனோ முதலாவதில் தொடங்கினார். ஆபேலைக் கேளாதவன் காயினுக்காகப் பரிந்து பேசத் தகுதியற்றவன்.

அந்தத் தாயிடம் அன்று அவர் மகளின் பெயரைக் கேட்டோம். சொன்னார். அவ்வாண்டு நவம்பர் மாதம் இறந்தோர் நினைவுப் புத்தகத்தில் அப்பெயரை எழுதி, திருப்பலியில் வாசித்தோம். பிறகு ஒரு நாள் தயங்கித் தயங்கி, கொன்றவனுக்காகவும் நாம் மன்றாடப்போவதாக அவரிடம் சொன்னோம். சொல்லாமல் செய்வது அவருக்குச் செய்யும் துரோகமாகத் தோன்றியது. அவர் நெடுநேரம் பேசவில்லை.

"எனக்கு வாய் வரலைங்க சாமி. நீங்க பண்றத நான் தடுக்கல" என்றார்.

அதற்குமேல் அவரிடம் கேட்க நமக்கு உரிமையில்லை. மன்னிப்பைக் கட்டளையிட எந்தக் குருவாலும் இயலாது. வாய் வராதவர்களுக்காகவும் சேர்த்து வாய் திறப்பதே திருச்சபையின் வேலை. 1995இல் அந்தச் சிற்றாலயத்தில் எழுந்து நின்ற சகமாணவர் அந்த வேலையைத்தான் செய்தார்; நாம் அவரைத் தனியே விட்டுவிட்டோம்.

கல்லூரி ஆசிரியரிடம் நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த வரிசையில் இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். படிக்கவே கூடாதென்று விரதம் எடுக்கவில்லை. இப்போது படிக்கையில், இறப்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறோம். கற்பனைப் பெயர்கள்தாம். ஆயினும் அடுத்த சாவுக்காக அவசரப்படும் மனத்தை அது சற்றே நிறுத்தி வைக்கிறது. ஏப்ரல் 27ஆம் நாள் வரும்போது, திருவான்மியூரில் மாண்ட ஆறு பேரையும், சேலம் பேருந்து நிலையத்துத் துயரத்தில் மாண்ட அந்தக் காவலரையும் நினைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். இறுதியில், முப்பது ஆண்டுக் கடனாக, கௌரி சங்கரின் பெயரையும் சொல்கிறோம்.